எல்லைக்கல் முதலில், நிதி பிறகு

ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லிப் பக்கம் ஏரி காக்கப் புறப்படும் குழு முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். இங்கே ஏரிகள் இருக்கின்றன, அவற்றின் நீரில் பயிரிடும் ஆயக்கட்டுதாரர்கள் இல்லை. மதகுக்குக் கீழே நெல் விளைந்த காலத்தில் எந்த மடையை எப்போது திறப்பது என்று பார்க்க நீர்க்கட்டி இருந்தார். கரை கசிந்தால் ஊரே மண்வெட்டியோடு ஓடியது, ஏனென்றால் கரைதான் அவர்கள் சோறு. 1964-இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்தது. ஆவடியில் ராணுவத் தளவாட ஆலைகள் வளர்ந்தன. வயல் மனையாயிற்று, மனை தெருவாயிற்று. இன்று பல ஏரிகளில் மதகு பழைய இடத்திலேயே நிற்கிறது, அதன் வாய்க்கால் எங்கே போயிற்று என்று அந்தத் தெருவில் குடியிருப்பவர்களுக்கே தெரியாது.

இதனால் நடைமுறையில் ஒரு பெரிய சிக்கல் உண்டு. தமிழ்நாட்டில் ஏரியோடு மக்களைச் சேர்த்துவைக்கும் ஏற்பாடுகள் எல்லாம் பாசன விவசாயியை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. 2000-ஆம் ஆண்டின் பாசன அமைப்புகளை விவசாயிகள் மேலாண்மை செய்யும் சட்டம் நீரைப் பயன்படுத்துவோர் சங்கத்தைப் பேசுகிறது. 2017-இல் 100 கோடி ரூபாயில் 1,519 பணிகளோடு தொடங்கிய குடிமராமத்தும் ஆயக்கட்டு விவசாயிகளைத்தான் தேடியது. கொரட்டூரில் மூன்றாவது மாடியில் குடியிருப்பவர் எந்தச் சங்கத்தில் சேர்வார்? ஆனால் அவர் வீட்டு ஆழ்துளைக் கிணற்றில் ஊறுவது அந்த ஏரித் தண்ணீர்தான், மழைக்காலத்தில் அவர் வாசலில் நிற்பதும் அதுதான். சட்டம் பெயர் சூட்டாத இந்த உறவைத்தான் உங்கள் குழு ஏற்றுக்கொள்கிறது. பெயர் இல்லாததால் பயிற்சியும் பணமும் அரசாணையும் தானாக உங்களைத் தேடி வராது. நீங்கள்தான் தேடிப் போக வேண்டும். எங்கே, எந்த வரிசையில் போவது என்பதே இந்த அத்தியாயம்.

வரிசையைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. எல்லை அளந்து கல் நடும் முன் பணம் வாங்காதீர்கள். அளவைக்கு முன் வருகிற பணம் பெரும்பாலும் நடைபாதையாகவும் வேலியாகவும் மாறும். அந்த வேலி இன்று தண்ணீர் நிற்கும் இடத்தைச் சுற்றிப் போடப்படும். வேலிக்கு வெளியே விடுபட்ட புறம்போக்கு ஏரி இல்லை என்று அரசே ஒப்புக்கொண்டதைப் போல ஆகிவிடும். பிறகு எந்த மனு போட்டும் அந்தக் கோட்டை நகர்த்துவது கடினம்.

யார் கையில் எது

அம்பத்தூர் 2011-இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. 2018-இல் அம்பத்தூர் வட்டமே திருவள்ளூர் மாவட்டத்திலிருந்து சென்னை மாவட்டத்துக்கு மாறியது. ஆவடி 2019-இல் மாநகராட்சி ஆனது, ஆனால் ஆவடி வட்டமும் பூந்தமல்லி வட்டமும் இன்றும் திருவள்ளூர் ஆட்சியரின் கீழ்தான். இடையிடையே திருவேற்காடு, பூந்தமல்லி நகராட்சிகளும், அயப்பாக்கம் போன்ற ஊராட்சிகளும். தண்ணீருக்கு இந்தக் கோடுகள் எதுவும் தெரியாது. அம்பத்தூர் ஏரி நிரம்பினால் கொரட்டூர் ஏரிக்கு, அது நிரம்பினால் இரட்டை ஏரிக்கு என்று அது தன் வழியில் போகிறது.

ஒரே ஏரியில் நீர்ப்பரப்பும் கரையும் மதகும் நீர்வளத் துறைக்கு, கரையோரத் தெருவிளக்கும் குப்பையும் மாநகராட்சிக்கு, கழிவுநீர்க் குழாய் குடிநீர் வாரியத்துக்கு, ஆலைக் கழிவு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு, புல எண்ணும் வகைப்பாடும் வருவாய்த் துறைக்கு, கலங்கல் நீர் கடக்கும் சிறுபாலம் நெடுஞ்சாலைத் துறைக்கு என்று பிரிந்து கிடக்கும். நூறு ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு இருந்த ஏரிகள் நீர்வளத் துறையிடமும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்திடமும் இருப்பது பழைய வழக்கம். உங்கள் ஏரி எந்த வகை என்பதைப் பொறுத்தே எந்தச் சட்டம் பொருந்தும் என்பது முடிவாகும். ஒரே தாளில் இதை எழுதி, ஒவ்வொன்றுக்கும் பொறுப்பான உதவிப் பொறியாளரின் அலுவலக முகவரியைச் சேர்த்துக் குழுவில் எல்லோரிடமும் கொடுங்கள். தவறான அலுவலகத்தில் கொடுத்த மனு பல மாதங்கள் அங்குமிங்கும் சுற்றித் திரும்பும், அதற்குள் ஒரு பருவமழை போய்விடும்.

எல்லை

முதல் ஆவணம் அ-பதிவேடு. ஊரின் ஒவ்வொரு புல எண்ணுக்கும் பரப்பும் வகைப்பாடும் அதில் இருக்கும். 'ஏரி', 'வாய்க்கால்', 'ஓடை', 'கரை', 'களம்' என்று குறிப்புப் பத்தியில் எழுதியிருப்பதைத் தேடுங்கள். இரண்டாவது புலப்படம், எல்லோரும் எஃப்.எம்.பி. என்று சொல்வது. மூன்றாவது கிராம வரைபடம். தமிழக அரசின் நிலப் பதிவு இணையதளத்தில் முதல் இரண்டையும் பார்க்க முடியும்.

அம்பத்தூர், ஆவடிப் பக்கம் இங்கே ஒரு முடிச்சு உண்டு. நகர அளவை நடந்த இடங்களில் பழைய கிராமப் புல எண் போய், வார்டு, பிளாக், நகரப் புல எண் என்று வந்துவிட்டது. பழைய எண்ணில் 'ஏரி வாய்க்கால்' என்று இருந்த நிலம் புதிய பதிவேட்டில் 'சாலை' அல்லது 'காலி மனை' என்று இருக்கலாம். எனவே பழைய எண்ணுக்கும் புதிய எண்ணுக்குமான ஒப்பீட்டுப் பட்டியலை வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள். நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த யு.டி.ஆர். திட்டத்துக்கு முந்தைய பதிவேட்டையும் கேளுங்கள். அது வட்டத்தில் கிடைக்கவில்லை என்றால் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் பழைய நிலவரித் திட்டப் பதிவேடுகள் உண்டு. இரண்டு பதிவேடுகளுக்கும் இடையில் எத்தனை ஏக்கர் குறைந்திருக்கிறது என்ற ஒற்றை எண்தான் உங்கள் குழுவின் மிகப் பெரிய சொத்து.

ஆவணம் கையில் வந்ததும் நடங்கள். கலங்கலில் தொடங்கி, உபரி நீர் போகும் திசையில் வாய்க்காலைத் தொடர்ந்து போங்கள். நான்கு பேர் போதும்: ஒருவர் கையில் புலப்படம், ஒருவர் கையில் அளவு நாடா, ஒருவர் படம் எடுக்க, நான்காமவர் அந்தப் பகுதியில் பிறந்து வளர்ந்த பெரியவர். "தாத்தா, இங்க முன்ன எவ்ளோ அகலம் இருந்துச்சு?" என்று கேட்டால், "ரெண்டு மாட்டு வண்டி பக்கம் பக்கமா போவும்பா" என்பார். அதைக் குறித்துக்கொண்டு படத்தில் அளவைப் பாருங்கள். பல இடங்களில் அவர் சொன்னது அநேகமாகச் சரியாக இருக்கும். வாய்க்கால் சிறுபாலத்துக்குள் நுழையும் இடங்களில் நின்று கவனியுங்கள். வெள்ளம் தேங்குவது பெரும்பாலும் அந்த இடங்களில்தான். மேலே அகலமாக வரும் வாய்க்கால் பாலத்துக்கு அடியில் ஒரு குழாய் அளவுக்குச் சுருங்கியிருக்கும், அந்தக் குழாயிலும் பாதிக்கு மேல் பிளாஸ்டிக்கும் மண்ணும் அடைத்திருக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் அம்பத்தூர் தொழிற்பேட்டை மூழ்கியபோது இந்தப் பாடத்தை எல்லோரும் பார்த்தோம்.

அளவை வேண்டும் என்று கேட்க உங்களுக்குச் சட்டம் இருக்கிறது. நீர்வளத் துறையின் கட்டுப்பாட்டில் உள்ள ஏரிகளுக்கு 2007-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் பொருந்தும். ஏரியை அளப்பது, எல்லையை அடையாளமிடுவது, அதன் பிறகு ஆக்கிரமித்தவருக்கு அறிவிப்பு, கடைசியில் அகற்றல் என்று அது படிப்படியாகப் போகிறது. பெரும்பாலான குழுக்கள் 'அகற்று' என்ற கடைசிப் படியிலிருந்து மனு எழுதத் தொடங்குகின்றன. நீங்கள் முதல் படியைக் கேளுங்கள். வாய்க்கால், ஓடை, குளம் என்று மற்றப் புறம்போக்குகளுக்கு 1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம். அதன் 7-ஆம் பிரிவில் அறிவிப்பு, 6-ஆம் பிரிவில் வெளியேற்றம். ஆக்கிரமிப்புப் புகார்களை விசாரிக்கும் முறையை வகுத்து 2014 டிசம்பரில் வருவாய்த் துறை வெளியிட்ட அரசாணை எண் 540-ஐ மனுவில் குறிப்பிட்டால் அலுவலகம் அதைச் சாதாரண மனுவாக ஒதுக்க முடியாது. ஓடைப் புறம்போக்கைப் பற்றிய எல்.கிருஷ்ணன் வழக்கில் 2005-இல் சென்னை உயர் நீதிமன்றமும், ஊர்ப் பொதுநிலத்தைப் பற்றிய ஜக்பால் சிங் வழக்கில் 2011-இல் உச்ச நீதிமன்றமும் வழங்கிய தீர்ப்புகளை இணையுங்கள்.

தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கும்போது 'ஏன்' என்று கேட்காதீர்கள். ஏட்டில் இருப்பதைக் கேளுங்கள். இப்படி: 'மேற்படி ஏரி 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அளவை செய்யப்பட்ட நாள், அளவைக்குப் பின் தயாரித்த எல்லை வரைபடத்தின் சான்றிட்ட நகல், நடப்பட்ட எல்லைக்கற்களின் எண்ணிக்கை, கடைசியாக அவை தணிக்கை செய்யப்பட்ட நாள்.' அளவையே நடக்கவில்லை என்று பதில் வந்தால் அந்தப் பதிலும் ஆவணம்தான். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. நடக்கும் பணியை நேரில் ஆய்வு செய்யவும், பயன்படுத்தும் பொருளில் மாதிரி எடுக்கவும் அதே சட்டம் உரிமை தருகிறது. கரை வேலை நடக்கும்போது இதை யாரும் பயன்படுத்துவதில்லை, பயன்படுத்துங்கள்.

வட்டாட்சியர் அலுவலகத்தில் ஆண்டுதோறும் கோடையில் நடக்கும் ஜமாபந்தி நல்ல வாய்ப்பு. கிராமக் கணக்குகள் அத்தனையும் அன்று மேசைக்கு வரும். ஆவடி, பூந்தமல்லி வட்டங்களில் உங்கள் ஊருக்கு ஒதுக்கிய நாளை முன்கூட்டியே விஏஓ-விடம் கேட்டு வைத்து, வகைப்பாடு திருத்தத்துக்கான மனுவோடு போங்கள்.

இங்கே ஒரு கடினமான விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். எல்லை என்றதும் முதலில் கண்ணில் படுவது கரையோரக் குடிசைகள். இடிக்க எளிதானவையும் அவைதான். ஏரிக்குள் பெரிய பரப்பை எடுத்துக்கொண்ட மனைப்பிரிவுகளும் கிடங்குகளும் பத்திரத்தோடும் வக்கீலோடும் நிற்கும். ஏரிக் குழு குடிசைகளை முதலில் காட்டிக் கொடுத்தால் அந்த ஊரில் பாதிப்பேர் என்றைக்கும் உங்களோடு வரமாட்டார்கள், வரவும் வேண்டியதில்லை. என் ஆலோசனை: முதல் மனு கழிவுநீர் வாய்களைப் பற்றி. இரண்டாவது, அடைபட்ட வரத்துக் கால்வாய்களைப் பற்றி. மூன்றாவது, பரப்பில் பெரிய ஆக்கிரமிப்புகளைப் பற்றி. குடிசைகளைப் பற்றிப் பேச நேர்ந்தால், பிள்ளைகள் படிக்கும் பள்ளியை விட்டு வெகுதூரம் போகாத மாற்று வீடு கிடைத்த பிறகே அகற்றல் என்று உங்கள் மனுவிலேயே எழுதுங்கள். எழுதினால் மட்டும் போதாது, அந்தக் குடும்பங்களோடு உட்கார்ந்து பேசி எழுதுங்கள்.

பயிற்சி

குழுவில் எல்லோருக்கும் எல்லாம் தெரிய வேண்டியதில்லை. ஆவணம் படிக்க இருவர், தண்ணீர் சோதிக்க இருவர், பறவை பார்க்க இருவர், கணக்கு எழுத ஒருவர். இந்த ஏழு பேருக்கும் நல்ல பயிற்சி கிடைத்தால் மீதியை அவர்கள் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள்.

சதுப்புநிலங்களையும் ஏரிகளையும் அறிவியலாகப் படிக்கச் சென்னையில் கேர் எர்த் அறக்கட்டளையின் பணியைப் பாருங்கள். பள்ளிக்கரணை சதுப்புநிலத்துக்காகப் பல ஆண்டுகள் உழைத்த அதன் நிறுவனர்களில் ஒருவரான ஜெயஸ்ரீ வெங்கடேசனுக்கு 2025-இல் ராம்சர் விருது கிடைத்தது. களத்தில் இறங்கித் தூர்வாரி, கரை கட்டிப் பழக இந்தியச் சூழலியலாளர் அறக்கட்டளையின் (இ.எஃப்.ஐ.) தன்னார்வப் பணிகள் உண்டு. மனு, தகவல் உரிமை, நகராட்சி நிர்வாகம் இவற்றில் சென்னையின் நுகர்வோர், குடிமைச் செயல்பாட்டு அமைப்பான சி.ஏ.ஜி.-க்கு நீண்ட அனுபவம் உண்டு. ஏரியை மக்களே நிர்வகிப்பது எப்படி என்று பார்க்க மதுரை தானம் அறக்கட்டளையின் வயலகங்கள் என்னும் விவசாயிகள் அமைப்புகளைப் பார்த்துவாருங்கள். 1990-களின் தொடக்கத்திலிருந்து கண்மாய்களில் வேலை செய்பவர்கள். மதகு, கலங்கல், நீரளவு என்று பொறியியலைக் கற்கத் திருச்சி துவாக்குடியில் நீர்வளத் துறையின் பாசன மேலாண்மைப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. விவசாயிகளுக்காக அமைந்தது என்றாலும் துறை வழியாக எழுதிக் கேட்பதில் தவறில்லை.

பறவைக் கணக்கு பொழுதுபோக்கு என்று நினைக்காதீர்கள். பொங்கல் நாட்களில் தமிழகம் முழுவதும் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பிலும், ஜனவரியில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பிலும் உங்கள் ஏரியை ஆண்டுதோறும் பதிவுசெய்துவந்தால், தேதியோடும் இடத்தோடும் ஒரு பொதுத் தரவு உருவாகும். 'வெறும் சாக்கடைக் குட்டை' என்று எதிர்த்தரப்பு சொல்லும் நாளில் அதுதான் பதில். 1978 முதல் இயங்கும் மெட்ராஸ் இயற்கை ஆர்வலர் சங்கத்தோடு ஒரு முறை நடந்தால் போதும், தாழைக்கோழியையும் நாமக்கோழியையும் பிரித்தறியப் பிள்ளைகள் கற்றுக்கொள்வார்கள்.

தண்ணீர்ச் சோதனைக்கு ஒரு அளவை மட்டும் மனத்தில் வையுங்கள். மீன்கள் வாழ நீரில் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வகைப்பாடு. கையடக்கச் சோதனைப் பெட்டியில் இதை நீங்களே அளக்கலாம். விடியற்காலையில் அளங்கள், அப்போதுதான் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கும். உங்கள் அளவு நீதிமன்றத்தில் சான்றாக நிற்காது. ஆனால் எந்த நாளில், எந்தக் கழிவுநீர் வாயில் வாரியம் மாதிரி எடுக்க வேண்டும் என்று அம்பத்தூரில் உள்ள மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்துக்கு எழுத அது போதும். கொரட்டூர் ஏரிக்காக அங்குள்ள ஏரி பாதுகாப்பு மக்கள் இயக்கம் இந்த வழியில்தான் நெடுங்காலம் நடந்தது. கால்வாய் வழியாக வரும் கழிவுநீரைத் திரும்பத் திரும்பப் பதிவுசெய்து தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை கொண்டுபோனார்கள். பொறுமையாகச் சேர்த்த ஏடுகள்தான் அங்கே பேசின.

பணம்

பணம் வாங்கும் முன் குழுவுக்கு ஓர் உடல் வேண்டும். 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் பதியலாம். அறக்கட்டளை என்றால் பத்திரம் எழுதிச் சார்பதிவாளரிடம் பதிய வேண்டும். ஏரிக் குழுவுக்குச் சங்கமே நல்லது என்பேன். ஆண்டுப் பொதுக்குழு கூட வேண்டும், நிர்வாகிகள் மாற வேண்டும், கணக்கு உறுப்பினர் முன் வைக்கப்பட வேண்டும். பொதுச் சொத்துக்காகப் பேசுபவர்களுக்கு இந்தக் கட்டாயம் பொருந்தும். பதிந்தபின் வருமான வரித் துறையில் வரிச் சலுகைக்கான 12-ஏ, 80-ஜி பதிவுகள். முதலில் தற்காலிகமாகத் தருவார்கள், பிறகு புதுப்பிக்க வேண்டும். கெடு தேதியைத் தவறவிட்டு அவதிப்படும் சிறு அமைப்புகள் ஏராளம், எனவே தேதியைக் கணக்கு எழுதுபவர் மட்டும் அல்லாமல் இன்னும் இருவர் குறித்து வைத்திருக்கட்டும். 2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருவதால் பிரிவு எண்கள் மாறுகின்றன. ஆடிட்டரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த நன்கொடைக்கு 80-ஜி சலுகை கிடையாது, கொடுப்பவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில் இருப்பதால் நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதிதான் எல்லோர் நினைவுக்கும் வரும். 2013-ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் 135-ஆம் பிரிவுப்படி, நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி இவற்றில் ஏதாவது ஒன்றை எட்டிய நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் செலவிட வேண்டும். தொழிற்பேட்டையில் உள்ள சிறு பட்டறைகளில் பெரும்பாலானவை இந்த வரம்புக்குள் வராது. எனவே நிறுவனத்தின் ஆண்டறிக்கையைப் பார்த்த பிறகே கடிதம் எழுதுங்கள். பணம் வாங்கும் அமைப்பு சி.எஸ்.ஆர்-1 படிவத்தில் பதிந்திருக்க வேண்டும், 12-ஏ, 80-ஜி இருக்க வேண்டும், மூன்று ஆண்டுகள் இதுபோன்ற வேலை செய்திருக்க வேண்டும். புதிதாகத் தொடங்கிய குழு நேரடியாக வாங்க முடியாது என்பதே இதன் பொருள். அதுவரை அனுபவமுள்ள அமைப்பு ஒன்றோடு சேர்ந்து, பணி அவர்கள் பெயரில், கண்காணிப்பு உங்கள் பெயரில் என்று எழுத்தில் ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம்.

ஒரு எச்சரிக்கை. வாய்க்காலில் கழிவு விடும் நிறுவனத்திடமே ஏரிக்கு நிதி வாங்கும் நிலை வரலாம். வாங்காதீர்கள். அந்தப் பணம் கரையில் பெயர்ப்பலகையாக நிற்கும், நீங்கள் அடுத்த புகாரை எழுத முடியாமல் போகும்.

அரசுப் பணத்தில் நமக்கு நாமே திட்டம் உள்ளூர்க் குழுக்களுக்கு மிகப் பொருத்தமானது. பொதுமக்கள் ஒரு பங்கு கொடுத்தால் மீதியை அரசு தரும். பொதுவாக மூன்றில் ஒரு பங்கு, பணியின் வகையைப் பொறுத்து மாறும். சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி, நாடாளுமன்ற உறுப்பினருக்கு 5 கோடி. ஏரிக்கரைக்குக் கேட்பவர் குறைவு என்பதால் கேட்டால் கிடைக்கவும் கூடும். ஆனால் வேலையை நீங்கள் தெளிவாகச் சொல்ல வேண்டும். 'ஏரியைச் சீரமைக்க' என்று எழுதினால் நடைபாதை வரும். 'வரத்துக் கால்வாயில் இன்ன புல எண் முதல் இன்ன புல எண் வரை தூர்வாரி, இன்ன சிறுபாலத்தை அகலப்படுத்த' என்று எழுதினால் தண்ணீர் வரும்.

பெரிய பணம் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க ஆவடி பருத்திப்பட்டு ஏரிக்குப் போய்வாருங்கள். கூவம் சீரமைப்பின் ஒரு பகுதியாகச் சென்னை நதிகள் சீரமைப்பு அறக்கட்டளை வழியாகச் சுமார் 28 கோடி ரூபாயில் புதுப்பித்து 2019-இல் திறந்தார்கள். கரை நடை, பறவைத் திட்டுகள், படகு என்று மக்கள் வந்து போகும் இடமாயிற்று. முன்பு குப்பை கொட்டிய கரையில் இப்போது பிள்ளைகள் விளையாடுகிறார்கள், அது உண்மையான மாற்றம். ஆனால் எந்த ஏரிக்கும் திறப்பு விழாவுக்குப் பிறகான ஆண்டுகள்தான் சோதனை. சுற்றியுள்ள வீடுகளின் கழிவுநீர் குழாய்க்குப் போகிறதா ஏரிக்குப் போகிறதா, சுத்திகரிப்பு இயந்திரம் ஓடுகிறதா, மின்கட்டணம் யார் கட்டுகிறார்கள்? பணிக்கான நிதியைக் கேட்கும் மனுவிலேயே ஐந்து ஆண்டுப் பராமரிப்புச் செலவு யார் தலைப்பில் என்பதையும் எழுதச் சொல்லுங்கள்.

தூர்வாரும் மதிப்பீட்டை நீங்களே சரிபார்க்கலாம். ஒரு ஏக்கரில் ஒரு மீட்டர் ஆழம் எடுத்தால் சுமார் 4,047 கன மீட்டர் மண், அதாவது கூடுதலாக 40 லட்சம் லிட்டர் தண்ணீருக்கு இடம். மூன்று யூனிட் பிடிக்கும் டிப்பர் லாரியில் அது குறைந்தது 475 லோடு. வெட்டிய மண் பொங்கும் என்பதால் இன்னும் அதிகமாகும். இத்தனை லோடு எங்கே போகிறது என்று தினமும் எழுதிவைக்க உங்கள் குழுவில் ஆள் வேண்டும். தூர்வாருதல் என்ற பெயரில் சவுடு மண் குவாரி நடக்க விடாதீர்கள். மதகின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டினால் ஏரியின் களிமண் படுகை கிழியும், கரையை ஒட்டித் தோண்டினால் கரை சரியும். முதலில் கரையிலிருந்து இத்தனை மீட்டர் விட்டுத்தான் வெட்ட வேண்டும் என்பதை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லி, சுண்ணாம்புக் கோடு போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

எந்தச் செய்தியைக் கவனிப்பது

சட்டச் செய்திகள் நாளொன்றுக்குப் பத்து வரும், உங்கள் ஏரியைத் தொடுபவை சிலதான்.

முதலாவது, பெருந்திட்டம். சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் (சி.எம்.டி.ஏ.) இரண்டாம் பெருந்திட்டம் 2026 வரைக்கானது. அடுத்து மூன்றாம் பெருந்திட்டம். அந்த வரைபடத்தில் உங்கள் வாய்க்கால் நீலக் கோடாக இல்லை என்றால் அடுத்த இருபது ஆண்டுகளுக்கு அது கட்டடம் கட்ட அனுமதி பெறும் நிலம். கருத்துக் கேட்கும் காலம் குறுகியதாக இருக்கும். நீங்கள் முன்பு சேர்த்த புலப்படங்களும் ஒப்பீட்டுப் பட்டியலும் அன்று ஒரே உறையில் போக வேண்டும்.

இரண்டாவது, நில ஒருங்கிணைப்புச் சட்டம். 2023 ஏப்ரலில் சட்டமன்றத்தில் நிறைவேறி 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு நில ஒருங்கிணைப்பு (சிறப்புத் திட்டங்களுக்கான) சட்டம், 100 ஹெக்டேருக்குக் குறையாத சிறப்புத் திட்டங்களுக்குள் வரும் நீர்நிலைகளையும் ஓடைகளையும் சேர்த்து நிலத்தை ஒருங்கிணைக்க வழிசெய்கிறது. பூந்தமல்லிக்கு மேற்கே தொழிற்பூங்காக்கள் விரியும் பகுதியில் இருக்கும் குழுக்கள் அரசிதழைத் தவறாமல் பார்க்க வேண்டும். இந்தச் சட்டம் ஏரிகளுக்கு நல்லதல்ல என்பதே என் கருத்து.

மூன்றாவது, சதுப்புநில விதிகள். 2017-இன் மத்திய விதிகள் சதுப்புநிலத்தைப் பாதுகாக்கின்றன என்று படித்துவிட்டுப் பலர் நம்பிக்கையோடு வருவார்கள். அந்த விதிகளின் வரையறை, பாசனத்துக்காகவும் குடிநீருக்காகவும் மனிதர் கட்டிய நீர்நிலைகளை விலக்கிவிடுகிறது. நம் ஏரிகள் எல்லாம் மனிதர் கட்டியவை. அதனால்தான் 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தை முன்னே வைத்தேன். இன்னொரு கதவு உண்டு: 2002-ஆம் ஆண்டின் உயிரிப் பன்மயச் சட்டம். ஒவ்வொரு உள்ளாட்சியிலும் உயிரிப் பன்மய மேலாண்மைக் குழு இருக்க வேண்டும், மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு இருக்க வேண்டும். மதுரை அரிட்டாபட்டி 2022-இல் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமானது. 2024-இல் அந்தப் பக்கம் டங்ஸ்டன் சுரங்க ஏலம் வந்தபோது, கிராம சபைத் தீர்மானங்களும் மக்கள் போராட்டமும் அந்த அறிவிப்பும் சேர்ந்து நின்றன. 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. 2025-இல் ஈரோடு மாவட்டத்து எலத்தூர் ஏரியும் இந்தப் பட்டியலில் சேர்ந்தது. ஆக ஓர் ஏரி சேர முடியும். ஆவடி மாநகராட்சியிடம் பல்லுயிர்ப் பதிவேட்டின் நகலைத் தகவல் உரிமையில் கேட்டு, உங்கள் ஏரியின் பக்கம் காலியாக இருந்தால் உங்கள் பறவைப் பட்டியலை எழுதிக் கொடுங்கள்.

நான்காவது, காலக்கெடு. பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையிலேயே இருக்கிறது. இழப்பீடு கோராத மனுவுக்கு 1,000 ரூபாய் கட்டணம், வக்கீல் இல்லாமலும் வாதாடலாம். ஆனால் 14-ஆம் பிரிவில் போகும் மனுவைப் பிரச்சினை எழுந்த ஆறு மாதத்துக்குள் போட வேண்டும், தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள். ஆட்சியர் அலுவலகத் திங்கட்கிழமை மனு, 1100 புகார் என்று சுற்றிக்கொண்டே இந்த ஆறு மாதத்தைத் தொலைத்தவர்கள் நிறைய. லாரி மண் கொட்டத் தொடங்கிய முதல் நாளின் படத்தைத் தேதியோடு எடுத்து வையுங்கள், கெடு அங்கிருந்துதான் எண்ணப்படும்.

கடைசியாக, உள்ளாட்சி எல்லை மாற்றம். ஆவடி மாநகராட்சியைச் சுற்றியுள்ள நகராட்சிகளையும் ஊராட்சிகளையும் இணைத்து விரிவாக்கும் யோசனை பேசப்பட்டு வருகிறது. ஊராட்சி போனால் கிராம சபையும் போகும். அதன் இடத்தில் 2022 நவம்பர் 1 முதல் நகர்ப்புறங்களில் கூடும் பகுதி சபை வரும். அதில் உங்கள் வார்டு உறுப்பினர் தலைமையில் பேசலாம், ஆனால் அந்த மன்றம் இன்னும் பழகவில்லை. ஊராட்சியாக இருக்கும் இடங்களில் உள்ளவர்கள் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு கிராம சபைகளில் ஏதாவது ஒன்றில், ஏரியின் புல எண்கள், பரப்பு, வாய்க்கால் வழி ஆகியவற்றை வரிசையாகச் சொல்லி, அளந்து கல் நடக் கோரும் தீர்மானத்தை நிறைவேற்றி, அன்றே பதிவேட்டில் எழுதச் சொல்லிக் கையொப்பம் இடுங்கள். மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள் என்பதால் அன்று ஏரியைப் பற்றிப் பேசத் தயக்கம் இருக்காது. பிறகு ஊராட்சிச் செயலரிடம் சான்றிட்ட நகல் இரண்டு வாங்கி, ஒன்றை வட்டாட்சியருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், மற்றொன்றைத் தபால் ரசீதோடு சேர்த்துக் குழுவின் கோப்பில் வையுங்கள்.